கணினி என்னை அப்பாவின் பெயரால் அழைத்தது ஏன்? நிறுவன மென்பொருள்களின் பெயர்ச் சேவையும் விபரக்கொத்தும்

கடந்த வருடம் கொழும்பிலுள்ள நிறுவனமொன்றில் மூன்று மாத ஒப்பந்தத்தில் ஆவணத் தொகுப்பு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் தரப்பட்ட மடிக்கணினியைத் திறந்தபோது திரையில் காலை வணக்கம் வந்தது. வணக்கத்துக்குப் பிறகு இருந்தது என் பெயரல்ல, அப்பாவின் பெயர். மின்னஞ்சலிலும் அப்பாவின் பெயர். கூட்டத்துக்கான அழைப்பிலும் அதுவே. அப்பா இறந்து அப்போது 11 வருடங்கள்.

தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மிஸ், இத நாங்க ஒவ்வொரு இடத்திலயும் தனித்தனியா அடிக்கிறதில்ல. எல்லாம் டிரெக்டரியில இருந்து வருது. அங்க மாத்தினா எல்லா இடத்திலயும் மாறும். ஆனா அங்க மாத்துறதுதான் லேசில்ல" என்றார்.

நான் ஊடகக் கற்கை படித்தவள். மென்பொருள் எழுதத் தெரியாது. ஆனால் 'எல்லாம் அங்கேயிருந்து வருகிறது' என்ற அந்த வசனம் என்னை விடவில்லை. மென்பொருள் துறையிலிருக்கும் நண்பர்களை இருத்திவைத்துக் கேள்வி கேட்டேன். பொது வெளியிலுள்ள தொழில்நுட்ப நியமங்களை அகராதியும் கையுமாக வாசித்தேன். வங்கி, வைத்தியசாலை, பல்கலைக்கழகம், அரச திணைக்களம் என்று பெரிய அமைப்பு எதை எடுத்தாலும், அதன் மென்பொருள்களுக்கு அடியில் எவரும் பார்க்காத ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் எழுதப்பட்டிருப்பதை மேலேயிருக்கும் மென்பொருள்கள் அத்தனையும் கேள்வி கேட்காமல் நம்புகின்றன. அந்த நம்பிக்கை எங்கே உதவுகிறது, எங்கே கடிக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயரைச் சொன்னால் இடத்தைச் சொல்

கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அறியும். மனிதர்களுக்குப் பெயர் வேண்டும். இரண்டுக்கும் நடுவே நின்று, பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்வதுதான் பெயர்ச் சேவை. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் காலத்தில் இது ஒரே ஒரு கோப்பாக இருந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு அதைப் பராமரித்தது. வலையமைப்பில் புதுக் கணினி சேர்ந்தால் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்றவர்கள் அந்தக் கோப்பை மீண்டும் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகியபோது இந்த முறை தாக்குப்பிடிக்கவில்லை. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டி.என்.எஸ். முறை அந்தப் பொறுப்பைப் பங்குபோட்டது. ஒவ்வொரு நாடும், ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயர்களுக்குத் தானே பதில் சொல்லும். இன்று நாம் எந்த இணையத்தள முகவரியைத் தட்டினாலும் முதலில் நடப்பது இந்தக் கேள்வி-பதில்தான்.

நிறுவனத்துக்குள்ளும் இதே தேவை உண்டு. சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது தரவுத்தளத்துடன் பேச வேண்டும். தரவுத்தளம் எந்தச் சேர்வரில் இருக்கிறது, அதற்குரிய கடவுச்சொல் என்ன என்பதையெல்லாம் நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால் இன்றைக்கு வேலை முடிந்துவிடும். நாளைக்குச் சேர்வரை மாற்றினால் நிரலைத் திறந்து திருத்தி, மீண்டும் கட்டி, மீண்டும் சோதிக்க வேண்டும். கடவுச்சொல்லோ நிரலை வாசிக்கும் எல்லோர் கையிலும் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஜாவா மொழியில் பெரிய மென்பொருள்களை எழுதுபவர்களுக்கு இதற்கென ஒரு பொது வழி இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய ஜே.என்.டி.ஐ. என்ற இடைமுகம் அது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஜாவா 1.3 பதிப்பிலிருந்து ஜாவாவுடனேயே வருகிறது. நிரல் செய்வது ஒன்றுதான்: "சம்பளத் தரவுத்தளம் வேண்டும்" என்று பெயரைச் சொல்லிக் கேட்கும். அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்பதை நிரலை இயக்கும் சேர்வரின் அமைப்பில் நிர்வாகி எழுதி வைத்திருப்பார். சோதனைக் கணினியில் அதே பெயர் சோதனைத் தரவுத்தளத்தைக் காட்டும், உண்மையான சேர்வரில் உண்மையான தரவுத்தளத்தைக் காட்டும். நிரலில் ஓர் எழுத்தும் மாறாது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யும் என் நண்பி இதை இப்படிச் சொன்னாள்: "வீட்டுக்காரர் மாறினாலும் படலையில இருக்கிற பெயர்ப்பலகை மாறாது. தபால்காரருக்கு அது போதும்."

விபரக்கொத்து என்றால்

பெயர்ச் சேவைக்கு ஒரு பெயரைக் கொடுத்தால் ஓர் இடம் கிடைக்கும். விபரக்கொத்துச் சேவை அதைவிடக் கொஞ்சம் பெரியது. பழைய தொலைபேசி விபரக்கொத்தின் வெள்ளைப் பக்கங்களில் பெயரைத் தெரிந்தால் எண்ணைத் தேடலாம். மஞ்சள் பக்கங்களில் பெயரே தெரியாமல் "வெள்ளவத்தையில் பல் வைத்தியர்" என்று தேடலாம். கணினி விபரக்கொத்து இந்த இரண்டும் சேர்ந்தது. "கணக்குப் பிரிவில் இருப்பவர்கள் யார்", "இவருடைய மேலாளர் யார்", "இந்த அச்சுப்பொறி எந்த மாடியில்" என்றெல்லாம் கேட்கலாம்.

இதற்கான முதல் பெரிய சர்வதேச நியமம் 1988இல் வந்த எக்ஸ்.500. உலகம் முழுவதற்கும் ஒரே மரமாக ஒரு விபரக்கொத்து என்பது அதன் கனவு. வேரில் நாடுகள், அதற்குக் கீழே நிறுவனங்கள், பிரிவுகள், கடைசியில் ஆட்கள். கனவு பெரிதாக இருந்ததுபோலவே அதை இயக்கத் தேவையான மென்பொருளும் கனமானதாக இருந்தது. அன்றைய மேசைக் கணினிகளால் அதைச் சுமக்க முடியவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸும் கூட்டாளிகளும் அதை அணுக ஒரு இலகுவான வழியை எழுதினார்கள். 1993இல் வெளியான அந்த நெறிமுறைதான் எல்டாப். கனவுகண்ட உலக மரம் வரவேயில்லை. அதை எட்டிப் பார்க்கச் செய்த ஏணி மட்டும் நின்றுவிட்டது. 1997இல் வந்த எல்டாப் மூன்றாம் பதிப்பே, சில திருத்தங்களுடன், இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. நோவெல் நிறுவனம் 1993இலேயே தன் விபரக்கொத்துச் சேவையைக் கொண்டுவந்தது. மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் 2000 உடன் அக்டிவ் டிரெக்டரியை வெளியிட்டது. இன்று பெரும்பாலான அலுவலகங்களில் 'டிரெக்டரி' என்றால் இதுதான். இலவசமாக வேண்டுபவர்களுக்கு மிச்சிகன் பல்கலைக்கழக மென்பொருளிலிருந்து கிளைத்த ஓப்பன் எல்டாப் இருக்கிறது.

ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முழுப்பெயர் உண்டு. அது தபால் உறையில் எழுதும் விலாசத்தைப் போன்றது: மாலதி, கணக்குப் பிரிவு, இன்ன நிறுவனம், இலங்கை. பதிவுக்குள் மின்னஞ்சல், தொலைபேசி, மேலாளர், அறை எண், புகைப்படம் என்று புலங்கள். பலரும் பயன்படுத்தும் ஒரு பொது வார்ப்புருவில் வாகன உரிமத்துக்குக்கூட ஒரு புலம் இருக்கிறது. அதை எவராவது நிரப்பிக் கண்டதாக நான் கேட்ட நண்பர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

சாதாரணத் தரவுத்தளம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். விபரக்கொத்து எழுதப்படுவது குறைவு, வாசிக்கப்படுவது மிக மிக அதிகம். ஒருவர் வேலையில் சேரும்போது ஒரு தடவை எழுதப்படும் பதிவு, அவர் கணினியைத் திறக்கும்போதும் கோப்பைத் தொடும்போதும் வாசிக்கப்படுகிறது. அதற்கேற்றபடியே இது கட்டப்பட்டிருக்கிறது. ஒரே பதிவின் பிரதிகள் பல சேர்வர்களில் இருக்கும். ஒன்று விழுந்தால் இன்னொன்று பதில் சொல்லும். இதில் ஒரு விலையும் உண்டு. ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்றப் பிரதிகளுக்குப் போய்ச் சேரச் சிறிது நேரம் எடுக்கும். கடவுச்சொல்லை மாற்றிய உடனே ஒரு மென்பொருள் அதை ஏற்று இன்னொன்று மறுக்கும் அனுபவம் பலருக்கும் இருக்கும். காரணம் பெரும்பாலும் இதுதான்.

கதவைத் திறப்பது யார்

மென்பொருள் எழுதுபவர்கள் விபரக்கொத்தை அதிகம் பயன்படுத்துவது உள்நுழைவுக்காக. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு கடவுச்சொல் பட்டியலை வைத்திருந்த காலமொன்று இருந்தது. அதன் ஆபத்து ஒருவர் வேலையை விட்டுப் போகும்போதுதான் தெரியும். பத்து மென்பொருளில் ஒன்பதில் அவரது கணக்கை மூடிவிட்டு ஒன்றை மறந்துபோவார்கள். எல்லாம் ஒரே விபரக்கொத்தைக் கேட்டால், அங்கே ஓரிடத்தில் மூடினால் போதும்.

நடைமுறை இதுதான். நீங்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறீர்கள். மென்பொருள் அந்தப் பயனர் பெயருக்குரிய பதிவை விபரக்கொத்தில் தேடி, அதன் முழுப்பெயரை எடுக்கிறது. பிறகு அந்த முழுப்பெயருடனும் நீங்கள் தந்த கடவுச்சொல்லுடனும் விபரக்கொத்திடம் மீண்டும் போய், "இது நான்தான்" என்கிறது. விபரக்கொத்து ஏற்றுக்கொண்டால் நீங்கள் உள்ளே. எந்தக் குழுக்களில் உங்கள் பெயர் இருக்கிறது என்பதைப் பார்த்து எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முடிவாகிறது.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது. எல்டாப் நியமத்தில் பெயரைச் சொல்லிக் கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால், சேர்வர் அதை அடையாளம் காட்டாத வருகையாக எடுத்துக்கொண்டு "சரி" என்று பதில் சொல்ல இடமுண்டு. "நீர் யாரென்று நான் பார்க்கவில்லை, வாசலில் நிற்கலாம்" என்பதுதான் அந்தச் "சரி"யின் பொருள். அவசரத்தில் எழுதிய மென்பொருள் அதை "கடவுச்சொல் சரி" என்று விளங்கிக்கொண்டால், முகாமையாளரின் பெயரை மட்டும் தட்டி எவரும் உள்ளே போகலாம். இப்படியான வருகையைச் சேர்வர்கள் வழமையாக மறுக்க வேண்டும், மென்பொருள்களும் வெறுங் கடவுச்சொல்லை அனுப்பவே கூடாது என்று 2006இல் திருத்தப்பட்ட நியமம் சொல்கிறது. சொன்னதை எல்லோரும் வாசிப்பதில்லை.

இன்னொன்று, தேடல். எல்டாப் தேடலில் உடுக்குறி என்றால் "எதுவாகவும் இருக்கலாம்" என்று பொருள். அடைப்புக்குறிகளுக்கும் தனிப் பொருள் உண்டு. பயனர் பெயர்ப் பெட்டியில் ஒருவர் பெயருக்குப் பதிலாக இவற்றைத் தட்டினால், அவற்றைச் செயலிழக்கச் செய்யாமல் அப்படியே தேடலுக்குள் ஒட்டும் மென்பொருள், கேட்கப்படாத கேள்வியைக் கேட்டுவிடும். மறைகுறியாக்கம் இல்லாத பழைய இணைப்பில் கடவுச்சொல் திறந்த தபாலட்டையைப் போலப் போகும் என்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் அந்நியனிடமிருந்து வந்தால்

பெயர்ச் சேவையின் ஆபத்தை உலகம் பாடமாகப் படித்தது 2021 டிசெம்பரில்.

லொக்ஃபோர்ஜே என்பது ஜாவா மென்பொருள்களில் மிகப் பரவலாகப் பயன்படும் ஒரு சிறு கருவி. மென்பொருளில் என்ன நடக்கிறது என்பதை வரி வரியாகக் குறிப்பெழுதுவது மட்டும்தான் அதன் வேலை. அப்பாச்சி அமைப்பின் கீழ் ஒரு சில தன்னார்வலர்கள் அதைப் பராமரித்தார்கள். 2013இல் அதில் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. குறிப்பு எழுதும்போது, ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் ஒரு பெயர் வந்தால், ஜே.என்.டி.ஐ. மூலம் அந்தப் பெயருக்குரிய மதிப்பைத் தேடி எடுத்து எழுதும். நிர்வாகிக்கு வசதிதான்.

பிழை எங்கே என்றால், அந்த வடிவம் நிர்வாகி எழுதிய அமைப்பில் வந்ததா, வெளியிலிருந்து ஒரு பயனர் தட்டியதில் வந்ததா என்று கருவி வேறுபடுத்திப் பார்க்கவில்லை. உள்நுழைவுப் பெட்டியில், தேடல் பெட்டியில், ஒரு விளையாட்டின் அரட்டையில் எவராவது ஒருவர், "இன்ன முகவரியிலுள்ள எல்டாப் சேர்வரிடம் கேள்" என்ற பொருள்பட ஒரு வரியைத் தட்டுகிறார். மென்பொருள் வழமைபோல அதைக் குறிப்பேட்டில் எழுதப் போகிறது. எழுதப் போன கருவி அந்த முகவரிக்குப் போய்க் கேட்கிறது. அங்கே இருப்பது தாக்குபவரின் சேர்வர். அது திருப்பி அனுப்புவது ஒரு ஜாவாப் பொருள். அதைப் பெற்ற மென்பொருள் தனக்குள்ளேயே அதை இயக்கிவிடுகிறது. எல்டாப் வழியாக வெறும் சொற்களை மட்டுமல்ல, ஜாவாப் பொருள்களையும் எடுத்துவரலாம் என்பது ஜே.என்.டி.ஐ.யின் பழைய வசதி. அந்த வசதியைத் தாக்குதலுக்குப் பயன்படுத்தலாம் என்று 2016இலேயே லாஸ் வேகாஸில் நடந்த பிளக் ஹட் மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்கள் செய்து காட்டியிருந்தார்கள். அடுத்த ஐந்து வருடம் குறிப்பெழுதும் கருவிக்குள் அது அப்படியே கிடந்தது.

2021 நவம்பர் 24ஆம் திகதி அலிபாபா கிளவுட் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த சென் ஜாவோஜுன் இதை அப்பாச்சிக்கு அறிவித்தார். டிசெம்பர் 9ஆம் திகதி விடயம் பகிரங்கமானது. பாதிப்பின் கடுமைக்கு 10க்கு 10 புள்ளி வழங்கப்பட்டது. மைன்கிராஃப்ட் விளையாட்டின் அரட்டையில் ஒரு வரியைத் தட்டியே சேர்வர்களைப் பிடித்தார்கள். தம் ஐபோனுக்கு இடும் பெயரை இந்த வரியாக மாற்றிப் பார்த்த சிலர், அப்பிளின் சேர்வர்கள் தாம் கொடுத்த முகவரியைத் தேடி வந்ததைக் கண்டார்கள். ஒரு தொலைபேசிக்கு வைத்த பெயர், பெயரைத் தேடும் ஒரு கட்டளையாக மாறியிருந்தது. முதல் திருத்தம் போதாமல் இரண்டாவது, மூன்றாவது என்று சில நாட்களுக்குள் பதிப்புகள் வெளிவந்தன. டிசெம்பர் நடுவில் வந்த 2.16.0 பதிப்பில்தான் ஜே.என்.டி.ஐ. தேடல் வழமையாகவே அணைக்கப்பட்டது. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு மீளாய்வுச் சபை 2022 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை, இந்தப் பலவீனம் ஒரு தசாப்தமோ அதற்கு மேலோ அமைப்புகளுக்குள் கிடக்கும் என்று எச்சரித்தது. எந்த மென்பொருளுக்குள் எந்தக் கருவி பொதிந்திருக்கிறது என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரியாது.

ஆக, ஜே.என்.டி.ஐ. பயன்படுத்தும் நிரலாளருக்கு முதல் விதி: எந்தப் பெயரைத் தேடுவது என்பதை வெளியாள் தீர்மானிக்க விடக்கூடாது. இரண்டாவது விதி நிரலாளருக்கல்ல, வலையமைப்பு நிர்வாகிக்கு: உள்ளேயிருக்கும் சேர்வருக்கு வெளியுலகின் ஏதோவொரு எல்டாப் சேர்வருடன் பேச வேண்டிய தேவை என்ன? தேவையில்லையென்றால் அந்த வழியை மூடி வைக்கலாம்.

அதே வருடம் நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் கழித்து, கூகுளின் டொட் எல்கே முகவரியைத் தட்டிய சிலருக்குக் கூகுள் வரவில்லை. தேயிலைத் தோட்டத் துறை, ஊடக சுதந்திரம், சிறுபான்மையினர் பிரச்சினை பற்றிப் பேசும் ஒரு பக்கம் வந்தது. ஒரேக்கிளின் டொட் எல்கே முகவரிக்கும் அதுவே நேர்ந்தது. கூகுளின் சேர்வர்களை எவரும் தொடவில்லை. 'இந்தப் பெயர் எங்கே இருக்கிறது' என்ற கேள்விக்கான பதிலைத்தான் மாற்றியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்த பிரச்சினைகள் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதே வழியால் ஒரு வங்கியின் பெயருக்கு வேறொரு பதிலைக் கொடுத்திருக்கவும் முடியும்.

பதில் சொல்பவர் மௌனமானாலும் சிக்கல்தான். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி ஃபேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணித்தியாலம் உலகெங்கும் நின்றுபோனது நினைவிருக்கும். பராமரிப்பு வேலையில் நேர்ந்த ஒரு தவறால் உள் வலையமைப்பு அறுந்தது. அதைத் தொடர்ந்து அவர்களது பெயர்ச் சேர்வர்கள் இணையத்திலிருந்தே மறைந்தன. சரிசெய்ய வேண்டிய பொறியியலாளர்களின் உள் கருவிகளும் அதே பெயர்களை நம்பியிருந்தன. அவையும் வேலை செய்யவில்லை.

குடும்பப் பெயர் கட்டாயம்

இனி என் அப்பாவிடம் வருகிறேன்.

எல்டாப் நியமத்தில் 'ஆள்' என்ற வகைக்கு இரண்டு புலங்கள் கட்டாயம். ஒன்று பொதுப்பெயர், மற்றது குடும்பப் பெயர். குடும்பப் பெயர் இல்லாமல் ஒருவரைப் பதிய முடியாது. எக்ஸ்.500 காலத்திலிருந்து தொடரும் விதி இது. எழுதியவர்களின் ஊரில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் இருந்தது. எங்கள் ஊரில் இல்லை.

கந்தையா மாலதி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். கந்தையா அப்பா, மாலதி மகள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் இந்த வரிசையில்தான் இருக்கும். மனிதவளப் பிரிவின் படிவமோ 'முதற்பெயர்', 'கடைசிப் பெயர்' என்று கேட்கிறது. முதலில் இருப்பது முதற்பெயர் என்று படிவத்தை நிரப்புபவர் நினைத்தால் கணினி அவரைக் கந்தையா என்று கூப்பிடும். எனக்கு நடந்தது இதுதான். மாறி எழுதினால் மாலதி கந்தையா ஆவார். அழைக்கும் பெயர் சரி, ஆனால் அடையாள அட்டையில் இருப்பது இதுவல்ல. கல்யாணம் முடித்துக் கணவரின் பெயரை எடுத்தால் இன்னொரு மாற்றம்.

மைக்ரோசொஃப்டின் அக்டிவ் டிரெக்டரி குடும்பப் பெயரைக் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் புதியவரைச் சேர்க்கும் அதன் படிவம் முதற்பெயர், முன்னெழுத்து, கடைசிப் பெயர் என்றே கேட்டு, முன்னெழுத்தை நடுவில் வைத்து முழுப்பெயரைத் தானே உருவாக்குகிறது. நாங்கள் முன்னெழுத்தைத் தலைப்பில் வைப்பவர்கள். முன்னெழுத்துக்கு அங்கே ஆறு எழுத்துருக்களுக்குத்தான் இடம். 'முதியன்சேலாகே' போன்ற வாசகமப் பெயருள்ள சிங்கள நண்பர்கள் நான்கைந்து முன்னெழுத்துகளைப் புள்ளியுடன் எழுதுவார்கள். அவர்களுக்கும் இடம் போதாது. இது தமிழருக்கு மட்டுமான முறைப்பாடு அல்ல.

இத்தனைக்கும் நியமத்துக்குள்ளேயே இதற்கு வழி இருக்கிறது. பொதுப்பெயர் என்ற புலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைப் பதியலாம். 2000ஆம் ஆண்டு வெளியான விரிவாக்கத்தில் 'காட்டும் பெயர்' என்று ஒரு புலம் இருக்கிறது. திரையில் எதைக் காட்டுவது என்பதை அதிலிருந்து எடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஒரு புலத்தின் மதிப்பு எந்த மொழியில் இருக்கிறது என்று குறிக்கவும் எல்டாப்பில் வசதி உண்டு. ஒரே ஆளின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு ஏற்றதைக் கொடுக்கலாம். மும்மொழி நாடொன்றின் அலுவலகங்களுக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. நான் பேசிய நிரலாளர்களில் இதைப் பயன்படுத்தியவர் ஒருவரும் இல்லை. பெரும்பாலானோர் முதற்பெயர்ப் புலத்தை எடுத்து வணக்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிறார்கள்.

தமிழ் எழுத்தில் பெயரைப் பதிவதிலும் சில முடிச்சுகள். எல்டாப் மூன்றாம் பதிப்பு யூனிகோட்டை ஏற்கிறது, ஆகவே தமிழ் நுழையும். ஆனால் நம் அலுவலகங்களில் நீண்ட காலம் தமிழ் தட்டச்சு என்றால் பாமினி எழுத்துரு. பாமினியில் தட்டியது கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் குவியல். பழைய கோப்பிலிருந்து அப்படியே விபரக்கொத்துக்கு ஏற்றினால் பெயர் அலங்கோலமாகும், தேடலிலும் அகப்படாது. யூனிகோட்டிலும் 'ஸ்ரீ' என்ற எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 'கொ'வை இரண்டு விதமாகப் பதிந்தால் ஒன்றாக்கிப் பார்க்க நியமத்தில் விதி இருக்கிறது. 'ஸ்ரீ'க்கு அப்படி விதி இல்லை. ஸ்ரீதரனைத் தேடினால் ஸ்ரீதரன் இல்லை என்று பதில் வரலாம்.

ஆளுக்கு எது அடையாளம்

பெயர் இப்படி மாறும், குழம்பும் என்றால், அடையாள அட்டை இலக்கத்தையே திறவுகோலாக வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இலங்கையில் அது இரண்டு விதத்தில் பிழைக்கும். ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய இலக்கம் 2016இலிருந்து பன்னிரண்டு இலக்கமாக மாறியது. பழைய அட்டை வைத்திருந்தவர் புதியதை எடுத்தால், அந்த இலக்கத்தை நம்பிய மென்பொருளுக்கு அவர் இன்னொரு ஆள். அதைவிட மோசமானது, அந்த இலக்கத்தில் பிறந்த ஆண்டும் நாளும் பொதிந்திருக்கின்றன. பெண்ணென்றால் நாளின் எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். அதைப் பயனர் பெயராக்கினால், அலுவலகத்தில் எவரும் எவருடைய வயதையும் பாலையும் வாசித்துக்கொள்ளலாம்.

விபரக்கொத்துகள் ஒவ்வொரு பதிவுக்கும் பொருளற்ற ஒரு நீண்ட அடையாள எண்ணைத் தாமாகவே வழங்குகின்றன. பெயர் மாறினாலும், பிரிவு மாறினாலும் அது மாறாது. மற்ற மென்பொருள்கள் ஆளை நினைவில் வைக்க வேண்டியது அதைக்கொண்டுதான். மின்னஞ்சல் முகவரியை நினைவில் வைப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. வேலையை விட்டுப் போனவரின் முகவரியை, அதே பெயருடன் புதிதாக வந்தவருக்குக் கொடுத்தால் பழையவரின் கோப்புகளும் சேர்ந்து கிடைக்கும்.

என் விடயத்துக்கு அந்தத் தம்பி கடைசியில் ஒரு வழி செய்தார். மனிதவளப் பிரிவின் மென்பொருளிலிருந்து ஒவ்வொரு இரவும் பெயர்கள் விபரக்கொத்துக்கு நகலாகின்றன. ஆகவே விபரக்கொத்தில் திருத்தினால் அடுத்த நாள் காலை பழையபடி அப்பா வந்து நிற்பார். இரண்டு தடவை அப்படித்தான் நடந்தது. மூன்றாவது தடவை மனிதவளப் பிரிவின் படிவத்திலேயே முதற்பெயரில் என் பெயரை எழுதினார்கள். கடைசிப் பெயரை வெறுமையாக விடப் படிவம் சம்மதிக்கவில்லை. அப்பாவின் பெயரை அங்கே போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஒரு புள்ளி வைத்தார்கள்.

அடுத்த நாள் கணினி எனக்கு, என் பெயரில், காலை வணக்கம் சொன்னது. சாப்பாட்டு அறைக் கதவு கடைசிப் பெயர்ப் புலத்தை மட்டும் வாசிக்கும் பழைய கருவி. ஒப்பந்தம் முடியும்வரை அட்டையைக் காட்டும்போதெல்லாம் அதன் திரையில் ஒரு புள்ளி மட்டும் வந்து மறைந்தது.